வானூர்தியின் கருவிப் பலகை

மார்கழித் திங்களின் வைகறையில் காவிரிப் படுகையின் வயல்கள் மீது பனிமூட்டம் படிந்து கிடப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். நான் இளைஞனாக இருந்தபோது அத்தகைய வைகறை ஒன்றில், தஞ்சைக்குச் செல்லும் புகைவண்டியைப் பிடிக்க எண்ணி, எங்கள் ஊரிலிருந்து வயல் வழியே புறப்பட்டேன். அது நாள்தோறும் நடந்து பழகிய வழி. கண்ணை மூடிக்கொண்டே சென்றுவிடலாம் என்னும் துணிவு எனக்கு இருந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஆயினும், நேராகவே நடக்கின்றேன் என்று என் உள்ளம் உறுதி கூறியது. ஒரு நாழிகைக்கு மேல் நடந்து ஒரு வாய்க்கால் மதகை அடைந்தேன். அஃது நான் புறப்பட்ட இடத்து மதகே! வரப்புகளின் மேல் வட்டமிட்டு வந்திருந்தேன். பின்னர் ஊர்க்கோவிலின் மணியோசை கேட்டுத் திசை தெளிந்தேன். அதற்குள் வண்டி போய்விட்டது.

நிலத்தில் திசை மயங்கியதால் நான் இழந்தது ஒரு வண்டிப் பயணமே. வானத்தில் திசை மயங்குவோன் இழப்பது யாது? தஞ்சை வட்டாரத்து மாணவர்கள் வானூர்தியின் முழக்கத்தை நன்கு அறிவர். இங்குள்ள விமானப்படைத் தளத்தில் 2020-ஆம் ஆண்டு முதல் சுகோய்-30 வகைப் போர் விமானங்கள் நிலைகொண்டுள்ளன. நாற்று நடுவோர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவை மேகத்துள் மறைந்துவிடும். மேகத்துட் புகுந்த விமானிக்கு நிலமும் இல்லை, தொடுவானமும் இல்லை, எத்திசையும் வெண்மையே. அங்கே அவர் எதனைக் கொண்டு மேல் எது, கீழ் எது என அறிகின்றார்?

உடலுணர்வைக் கொண்டு அறியலாகாது என்பது ஆராய்ந்து கண்ட உண்மை. 1954-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வு நடத்தினர். கருவிகளைக் கொண்டு பறக்கும் பயிற்சி பெறாத இருபதின்மரை, வெளிக்காட்சி தோன்றாதவாறு மறைத்து விமானம் ஓட்டச் செய்தனர். இருபதின்மரும் விமானத்தை அடக்கியாளும் திறனை இழந்தனர். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 நொடி. மூன்று நிமிடமும் நிறையவில்லை. காரணம் யாதெனின், நம் உட்செவியில் நீர்மம் நிறைந்த அரைவட்டக் குழல்கள் மூன்று உள்ளன. உடல் திரும்பத் தொடங்குவதை அவையே நமக்கு உணர்த்துகின்றன. ஆனால் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால், அந் நீர்மமும் உடன் சுழன்று, திரும்புகின்றோம் என்னும் உணர்வு அற்றுப்போகின்றது. விமானம் சாய்ந்து வட்டமிட்டு இறங்கும்போதும், 'நேராகச் செல்கின்றேன்' என்றே உள்ளம் சொல்லும். வயல் வரப்பில் என் உள்ளம் சொன்னதும் அதுவே.

இம் மயக்கத்தை நீக்கும்பொருட்டு விமானியின் முன்னே அமைந்ததே கருவிப் பலகை. அதன் வரலாறு எளிய பொருள்களிலிருந்து தொடங்குகின்றது. 1903-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் ரைட் சகோதரர் பறந்தபோது, அவர்தம் விமானத்தில் இருந்த கருவிகள் மூன்றே. அவை நிறுத்து கடிகாரம் ஒன்று, காற்றின் ஓட்டத்தை அளக்கும் கருவி ஒன்று, எஞ்சினின் சுழற்சியை எண்ணும் கருவி ஒன்று. பின்னர் அவர்கள் ஒரு நூல் துண்டையும் முன்புறத்தில் கட்டினர். விமானம் ஒருபுறம் சறுக்கினால் நூலும் ஒருபுறம் சாயும். எஞ்சினில்லாச் சறுக்கு விமானங்களில் அந் நூல் இன்றும் பயன்படுகின்றது.

நம் நாட்டினும் தாமே விமானம் கட்டும் முயற்சி பழமையானதே. சென்னையில் விடுதி நடத்திவந்த ஜியாக்கோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர், தாம் வகுத்த வடிவில், சிம்சன் கம்பெனியாரின் தொழிற்கூடத்தில் ஒரு விமானத்தைக் கட்டுவித்தார். 1910-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அதனைப் பல்லாவரத்தில் பறக்கச் செய்தார். ரைட் சகோதரர் பறந்து ஏழாண்டும் நிறையாத காலம் அது! அண்மையில், அமோல் யாதவ் என்னும் விமானி மும்பையில் தம் வீட்டு மொட்டைமாடியிலேயே ஒரு விமானத்தை உருவாக்கினார். 2017-ஆம் ஆண்டில் அது முறைப்படி பதிவு பெற்றது. அமெரிக்காவிலோ, 1953-ஆம் ஆண்டில் இத்தகையோர் கூடிச் சங்கமே அமைத்தனர். தொழிற்சாலை விமானத்தில் கருவிகளின் இடத்தைப் பொறியாளர் பலர் கூடி முடிவு செய்வர். தாமே கட்டுவோர்க்கு அப் பொறுப்பு முழுவதும் தம்முடையதே. எதனை வைப்பது, எங்கே வைப்பது என்னும் இவ்விரண்டு வினாக்களுக்கும் அவர் கூறும் விடையில் அவருடைய உயிரே அடங்கியுள்ளது.

முதற்கண் வைக்கத்தக்கது வேகமானி. இதன் பிறப்பு வானத்தில் அன்று, ஆற்றில் என்பது வியப்பினைத் தரும். 1732-ஆம் ஆண்டில் ஆன்றி பிட்டோ என்னும் பிரெஞ்சு அறிஞர், பாரிசு நகரத்துச் செயின் ஆற்றின் ஓட்டத்தை அளக்க விரும்பினார். வளைந்த குழல் ஒன்றன் வாயை ஓட்டத்திற்கு எதிரே பிடித்தார். நீர் எவ்வளவு விரைந்து பாய்ந்ததோ, அவ்வளவு உயரமாகக் குழலுள் ஏறியது. காவிரியில் நீங்களும் இதனைச் செய்து காணலாம். அக் குழலே இன்று விமானத்தின் இறக்கையில் காற்றை எதிர்நோக்கி நிற்கின்றது. எந்த வேகத்திற்குக் கீழே சென்றால் இறக்கைகள் விமானத்தைத் தாங்கமாட்டாவோ, எதற்கு மேலே சென்றால் உறுப்புகள் முறியுமோ, அவ்விரண்டு எல்லைகளையும் வேகமானியின் முகத்தில் வண்ணத்தால் தீட்டுவர். பச்சை வழக்கமான வேகம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்புக் கோடு கடக்கலாகா எல்லை.

இரண்டாவது உயரமானி. உயரே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறையும். தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் உயரம் 216 அடி என்பர். அதன் அடியிலிருந்து உச்சி வரை அழுத்தம் ஏறக்குறைய 8 மில்லிபார் குறையும். இவ் வேறுபாட்டையே உயரமானி அடிக்கணக்காக மாற்றிக் காட்டுகின்றது. ஆனால் உயரத்தால் மட்டும் அழுத்தம் குறைவதில்லை. 2018-ஆம் ஆண்டு நவம்பரில் கசாப் புயல் நம் கடற்கரையைத் தாக்கியதை மறந்தவர் இலர். அத்தகைய நாள்களில் நிலத்திலேயே அழுத்தம் மிகவும் இறங்கிவிடும். அழுத்தம் 10 மில்லிபார் குறைந்திருக்க, கருவியைத் திருத்தாமல் ஒருவர் பறந்தால், அது ஏறக்குறைய 280 அடி மிகுத்துக் காட்டும். 'பெரிய கோவிலினும் உயரத்தில் இருக்கின்றேன்' என்று எண்ணுபவர் தரையைத் தொட்டுவிடுவார். ஆதலின் அன்றன்றைய அழுத்தத்திற்கு ஏற்பத் திருத்தும் குமிழ் ஒன்று உயரமானியில் உண்டு.

மூன்றாவது செயற்கைத் தொடுவானம். நீங்கள் பம்பரம் விட்டிருப்பீர்கள். விரைந்து சுழலும் பம்பரம் சாயாமல் தன் நிலையில் நிற்க முயல்கின்றது அன்றோ? அவ்வியல்பினைக் கொண்டு அமைந்தது கைரோஸ்கோப் என்னும் சுழற்கருவி. விமானம் எப்படிப் புரளினும் அதனுள் ஒரு கோடு உண்மைத் தொடுவானத்தோடு ஒத்தே நிற்கும். மேகத்துள் மறைந்துபோன தொடுவானத்தை விமானி இங்கே மீண்டும் காண்கின்றார். திசைமானி, திருப்பங்காட்டி, ஏற்ற இறக்கமானி என்பன எஞ்சிய மூன்று. 1929-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள், ஜேம்சு டூலிட்டில் என்னும் அமெரிக்க விமானி, தம் இருக்கையை முற்றும் மூடி, வெளியே சிறிதும் பாராமல், கருவிகளையே நோக்கி எழுந்து, பறந்து, இறங்கினார். மேகத்தை வெல்லலாம் என்பது அன்று தெளிவாயிற்று.

இனி, எங்கே வைப்பது? உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். கடுகு இன்ன அறையில், சீரகம் இன்ன அறையில் என்பது மாறுவதில்லை. எண்ணெய் காய்ந்த நொடியில் அன்னையின் கை தேடாமல் கடுகின் மேற்செல்லும். கருவிப் பலகையின் நெறியும் இதுவே. செயற்கைத் தொடுவானம் கண்ணுக்கு நேரே நடுவில், அதன் இடத்தே வேகமானி, வலத்தே உயரமானி, கீழே திசைமானி. உலகெங்கும் பெரும்பாலான விமானங்களில் இவ்வரிசையே அமைந்துள்ளது. ஒரு விமானத்தில் பழகிய கண் மற்றொன்றில் தடுமாறக்கூடாது என்பதே நோக்கம். எஞ்சினுக்குரிய சுழற்சிமானி, எண்ணெய் அழுத்தமானி, வெப்பமானி, எரிபொருள் மானி ஆகியவற்றை ஒருபுறத்தே ஒருங்கு வைப்பர்.

கைக்கும் இந் நெறி வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்க விமானிகள் சிலர் நலமாகத் தரையிறங்கிய பின்னர், இறக்கை மடலை மடக்குவதற்கு மாறாகச் சக்கரங்களை மடக்கிவிட்டனர். விமானம் வயிறு தேய ஓடுபாதையில் வீழ்ந்தது. பலர் அவ் விமானிகளைக் குறை கூறினர். அல்போன்சு சாப்பானிசு என்னும் உளவியல் அறிஞரோ கைப்பிடிகளை நோக்கினார். இரண்டும் ஒரே வடிவில் அருகருகே இருந்தன! ஒன்றற்குச் சக்கர வடிவும் மற்றொன்றற்கு ஆப்பு வடிவும் அமைத்தார், தவறு நீங்கிற்று. பிழை செய்தவனைக் கடிவதற்கு முன், பிழைக்கு இடந்தந்த அமைப்பினை ஆராய்க என்பது இதனால் பெறப்படும்.

அறிவுடைய அமைப்பாளர் அலுமினியத் தகட்டை உடனே வெட்டார். முதலில் அட்டையை அதே அளவில் வெட்டி, கருவிகளின் வட்டங்களை அதில் வரைந்து, உரிய இடத்தில் நிறுத்துவர். இருக்கையில் அமர்ந்து, கச்சையை இறுகக் கட்டிக்கொண்டு, கை எங்கெங்கு எட்டுகின்றது, கண் எங்கெங்கு செல்கின்றது என நாள் பல சோதிப்பர். அட்டையில் செய்த பிழையைக் கத்தரிக்கோல் திருத்தும். வானில் செய்த பிழையைத் திருத்துவார் இலர். காந்தத் திசைகாட்டியின் அருகே இரும்புத் திருகாணி ஒன்று இருப்பினும் முள் பிறழும். ஆகலின் அங்கே பித்தளைத் திருகாணியே பூட்டுவர். விமானத்தைத் தரையில் ஒவ்வொரு திசைக்கும் திருப்பி நிறுத்தி, எஞ்சியுள்ள பிழையினை ஓர் அட்டையில் எழுதித் திசைகாட்டியின் அருகே ஒட்டுவர். தன் பிழையைத் தானே அறிவிக்கும் கருவி எவ்வளவு நேர்மையுடையது!

இக்காலத்தில் ஆறு கருவிகளின் தொழிலையும் ஒரே மின்திரை காட்டிவிடுகின்றது. ஆயினும் மின்சாரம் நின்றால் திரை இருளும். ஆதலின் தனி மின்கலமும், மின்சாரம் வேண்டாத வேகமானியும் உயரமானியும் வைத்துக்கொள்வது அறிவுடைமை. ஆசை மிக்கு எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டினாலோ விமானம் கனக்கும், கண்ணும் கலங்கும்.

அங்ஙனமாயின், கருவியை முற்றும் நம்பலாமோ? 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள், டொமினிக்கன் குடியரசிலிருந்து எழுந்த பெரிய விமானம் ஒன்று சில நிமிடங்களில் கடலில் வீழ்ந்தது. 189 பேர் மாண்டனர். தலைமை விமானியின் வேகமானி பொய் கூறியதே தொடக்கம். பிட்டோ குழல் அடைபட்டிருந்தது. குழல் சில நாள் மூடியின்றிக் கிடந்தபோது குளவி அதனுள் மண்கூடு கட்டியிருக்கலாம் என்று ஆய்ந்தோர் கருதினர். நம் வீட்டுச் சுவரில் கூடு கட்டும் குளவியைப் போன்ற சிற்றுயிரே! துணை விமானியின் வேகமானி அப்போது உண்மையைக் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் உரிய காலத்தில் ஒப்பிட்டுத் தெளிந்திருப்பின் அவ்வுயிர்கள் பிழைத்திருக்கக்கூடும்.

தமிழில் 'அளவை' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. நெல்லை அளக்கும் மரக்காலும் அளவை; உண்மையை அறியும் வழியும் அளவை. மணிமேகலையில் அளவைவாதி என்பார் ஒருவர், காட்சி முதலாக அறிவு பிறக்கும் வழிகளை எடுத்துரைக்கின்றார். காட்சியும் சில வேளை மயங்கும் என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். அதனால் ஒன்றைக் கண்டவுடன் கொள்ளாது, பிறவற்றோடு ஒப்பிட்டுக் கொண்டனர். விமானி செய்வதும் அதுவே. வேகம் குறைகின்றது என்று ஒரு கருவி கூறினால், உயரம் ஏறுகின்றதா, எஞ்சின் தளர்கின்றதா, தொடுவானம் சாய்கின்றதா என மற்றவற்றைக் கேட்டு முடிவு காண்கின்றார்.

மாணவர்களே, அன்று பனிமூட்டத்தில் நான் செய்த பிழை வழி தவறியது அன்று. 'எனக்குத் தெரியும்' என்னும் உணர்வையே அளவையாகக் கொண்டதே பிழை. கோவில் மணி அதனைத் திருத்திற்று. உங்கள் வாழ்விலும் மூட்டம் சூழும் நாள்கள் வரும். அன்று உங்கள் விருப்பத்தை மட்டும் கேளாதீர்கள். ஒருவர் சொல்லை மட்டும் பற்றாதீர்கள். பல அளவைகளை ஒப்பிட்டு நோக்கி, மெய் கண்டு நடப்பீர்களாக.

பயிற்சி

1. மேகத்துட் புகுந்த விமானிக்கு உடலுணர்வு ஏன் துணை செய்வதில்லை?
2. ஆற்றில் பிறந்த கருவி வானில் பயன்படும் வகையை விளக்குக.
3. புயல் நாளில் உயரமானியைத் திருத்தாமல் பறத்தலால் விளையும் இடர் யாது?
4. கருவிப் பலகையை அஞ்சறைப் பெட்டியோடு ஆசிரியர் ஒப்பிடுவது எவ்வாறு பொருந்துகின்றது?
5. 'அளவை' என்னும் சொல்லின் இருபொருளையும் எடுத்துக்காட்டுடன் எழுதுக.