பூசத்தைத் தேடுதல்

தைப்பூசம் என்னும் பெயரை அறியாத தமிழர் அரியர். ஆயினும், பூசம் என்னும் நாள்மீனை வானிற் கண்டவர் மிகச் சிலரே. தைப்பூசத்தன்று முழுநிலவு அதனை அடுத்து நிற்கும். அந்நிலவின் ஒளியிலேயே அம்மங்கலான கூட்டம் மறைந்துவிடும். ஆதலின், பூசத்தைக் காண விரும்புவோர் நிலவில்லாத மாசி மாத இரவொன்றைத் தேர்தல் வேண்டும்.

திருப்பூரிலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் அவிநாசிபாளையம் என்னும் ஊர் உள்ளது. அவ்வூருக்கு வடக்கே திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளின் விளக்கொளி வானில் வெளிறித் தோன்றும். அடிவானுக்கு 11 பாகை உயரத்தில் நிற்கும் துருவ விண்மீன் அவ்வெளிச்சத்தில் மங்கிவிடுகிறது. உச்சிவானிலும் வெறுங்கண்ணுக்குப் பூசம் எளிதிற் புலனாவதில்லை. அங்கே விண்மீன் படமும், பெரிய தொலைநோக்கியின் மேல் பொருத்தப்பெறும் துணைத் தொலைநோக்கியுமே வழிகாட்டிகள்.

படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்ப்பவர் முதலில் திகைப்பர். படம் ஒரு சாண் அகலம், வானமோ எல்லையற்றது. இரண்டையும் இணைக்கும் அளவு ஒன்று வேண்டும். துணைத் தொலைநோக்கியில் ஒருங்கே தெரியும் வானத்தின் அகலமே அவ்வளவு. அதனை அறிதல் எளிது. வேடன் மண்டலத்தின் இடைக்கச்சையாக விளங்கும் மூன்று விண்மீன்களுள் ஒன்றை நோக்கித் தொலைநோக்கியை அசையாது நிறுத்துக. பூமி சுழல்வதால் அவ்விண்மீன் நான்கு நிமிடத்திற்கு ஒரு பாகை நகரும். பார்வை வட்டத்தின் நடுவழியே அது குறுக்காகக் கடக்க 24 நிமிடம் ஆயின், வட்டத்தின் அகலம் 6 பாகை. படத்தில் ஒரு பாகை அரை சென்டிமீட்டராயின், 3 சென்டிமீட்டர் அகலமுள்ள கம்பி வளையம் ஒன்று செய்க. அவ்வளையத்தைப் படத்தின்மீது வைத்தால் உள்ளே அகப்படுவதே துணைத் தொலைநோக்கியிலும் தெரியும். நேரே நோக்கும் துணைத் தொலைநோக்கி காட்சியைத் தலைகீழாகக் காட்டுமாதலின், படத்தையும் தலைகீழாகத் திருப்புக. இதை மறந்து இரவு முழுவதும் தேடி அலைந்தோர் பலர். இரு தொலைநோக்கிகளும் ஒரே இடத்தை நோக்குகின்றனவா என்பதைப் பகலிலேயே தொலைவிலுள்ள மின்கம்பம் ஒன்றைக் கொண்டு சரிபார்த்தல் நலம். ஞாயிற்றை நோக்கி ஒருபோதும் திருப்பலாகாது, கண்ணே பறிபோகும்.

படத்தையும் வானத்தையும் இவ்வாறு ஒப்பிடும் பழக்கத்திற்குத் தமிழகத்தில் நெடிய வரலாறு உண்டு. அக்காலத்தில் சிறுகோள்களைத் தேடுவோர், படத்தில் இல்லாத ஒளிப்புள்ளி வானில் உண்டா என்று நுணுகி நோக்குவர். சென்னை வானாய்வு நிலையத்தில் போக்சன் என்பார் 1861-ஆம் ஆண்டு ‘ஆசியா’ என்னும் சிறுகோளைக் கண்டார். அங்கேயே பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் 1867-ஆம் ஆண்டு ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

இனிப் பூசத்திற்கு வருவோம். புனர்பூசத்தின் இரு விண்மீன்களுள் ஒளி மிக்கதிலிருந்து மக விண்மீன் வரை படத்தில் ஒரு கோடு வரைக. பாதிவழிக்குச் சற்று முன்னே, கோட்டிற்குச் சிறிது தெற்கே பூசம் உள்ளது. வளையத்தைப் புனர்பூசத்தில் வைத்து, ஒவ்வொரு வளையத்தின் விளிம்பிலும் உள்ள விண்மீனை அடையாளமாகக் கொண்டு அடுத்த இடத்திற்கு நகர்த்துக. வளையம் நகர்ந்த அளவே தொலைநோக்கியும் நகர வேண்டும். மூன்றாம் அடியளவில் பூசம் உள்ளே வரும். அதனருகே இரு மங்கிய விண்மீன்கள் காவலர்போல நிற்பின், வந்த இடம் சரி. கலிலியோ தம் தொலைநோக்கியால் இங்கே நாற்பதுக்கு மேற்பட்ட விண்மீன்களைக் கண்டதாக 1610-இல் எழுதினார்.

பூசத்தைக் கண்டவுடன் பெரிய தொலைநோக்கிக்கு மாற விரைதல் இயல்பே. ஆனால், அது மூன்று முழுநிலவுகளை வரிசையாக வைத்த அகலம் உடையது. பெரிய தொலைநோக்கியின் சிறு பார்வை வட்டத்தில் அதன் ஒரு பகுதியே அடங்கும். முழுப் பூசத்தையும் காட்ட வல்லது துணைத் தொலைநோக்கியே.