சிறு எஞ்சினின் சைலன்சரில் வாயுவின் ஓட்டம்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் புறத்தே அமைந்த சித்தூர் வட்டாரம், கேரளத்தின் ஏனைய பகுதிகளைவிடக் குறைந்த மழையையே பெறுகின்றது. கிணற்று நீரை நம்பிய இத்தகைய இடங்களில், மின்சாரம் எட்டாத தோட்டத்திற்கு ஒற்றை உருளை டீசல் எஞ்சினே துணையாகும். சைலன்சரைக் கழற்றிவிட்டால் எண்ணெய் மிச்சமாகும் என்பது உழவரிடையே வழங்கும் கருத்து. இதில் ஓரளவு உண்மை உண்டு. எவ்வளவு என்பதே கேள்வி.

நிமிடத்திற்கு 1,500 சுற்றுகள் சுழலும் நான்கு வீச்சு எஞ்சினில், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, அதாவது வினாடிக்குப் பன்னிரண்டரை முறை, கழிவு வாயு வெளியேறுகின்றது. அது வாய்க்கால் நீரைப்போல் சீராக ஓடுவதன்று. வால்வு திறக்குந்தோறும் பீறிட்டுப் புறப்படுகின்றது. காதைத் தாக்குவது இத்துடிப்பே. துடிப்பை அடக்கவும் வேண்டும், ஓட்டத்தை மறிக்கவும் கூடாது என்பதே சைலன்சரின் சங்கடம்.

குழாய் திடீரென அகன்ற அறையாக விரியுமிடத்தில் ஒலியலையின் ஒரு பகுதி திரும்பிச் செல்லும். அறையின் விட்டம் குழாயினதைப்போல் 4 மடங்கு எனவும், நீளம் 40 செ.மீ. எனவும் கொள்வோம். 300 பாகை செல்சியஸில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 480 மீட்டர். வினாடிக்கு 300 அதிர்வுள்ள ஒலிக்கு அறையின் நீளம் கால் அலைநீளமாக அமைவதால், கணக்கின்படி 18 டெசிபெல் குறையும். 600 அதிர்வுள்ள ஒலியோ அறையே இல்லாததுபோலக் கடந்துவிடும்! வெவ்வேறு நீளமுள்ள அறைகளை அடுத்தடுத்து வைப்பது இதனாலேயே. இத்துறையில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர் முஞ்சால் 1987-இல் வெளியிட்ட நூல் பெயர்பெற்றது.

வளைவும் துளையும் மிகுந்தால் இவ்வெளிய கணக்கு போதாது. அப்போது கணிப்பொறியில் சைலன்சரின் உட்புறத்தைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் பொருண்மை, உந்தம், ஆற்றல் ஆகியவற்றின் வரவு செலவைக் கணக்கிடுவர். ஒரு காலப்படியில் அலை ஒரு கட்டத்திற்கு மேல் தாண்டலாகாது. கட்டம் 1 செ.மீ. எனில், காலப்படி வினாடியில் இலட்சத்தில் ஒரு பங்காக இருப்பது பொருந்தும். எஞ்சினின் ஒரு சுழற்சிக்கு 8,000 படிகள் வேண்டும். முதற் சில சுழற்சிகளின் விடையைத் தள்ளிவிடுவதே முறை.

கணக்கைச் சோதிக்க நீர் நிரப்பிய வளைகுழாய் ஒன்று போதும். சைலன்சருக்கு முன்னே கழிவுக் குழாயில் சிறு உலோகக் குழலைப் பொருத்தி, சூடு தணிந்த அதன் முனையில் இரப்பர்க் குழாயை இணைக்கலாம். நீர்மட்டம் துள்ளினால் இரப்பர்க் குழாயைச் சற்று நெருக்கிப் பிடித்தல் வேண்டும். மட்ட வேறுபாடு 10 செ.மீ. எனில், எதிரழுத்தம் ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல். முழுப் பளுவில் இத்தகைய எஞ்சினின் சராசரிப் பயன் அழுத்தம் 500 கிலோபாஸ்கல் அளவினது. ஆகவே நேர் இழப்பு ஐந்நூற்றில் ஒரு பங்கே. வேறுபாடு மாதந்தோறும் ஏறிவருமாயின், உள்ளே கரி படிகின்றது என்பது பொருள். அப்போது கழற்றிச் சுத்தம் செய்து, மீண்டும் பொருத்துதல் வேண்டும்.