சுண்ணாம்புச் சூளையில் பாதுகாப்பாக வேலை செய்வோம்

காணி பூமியை விட்டு இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் பழக்கமில்லாத தொழில்களையும் செய்ய வேண்டியிருக்கிறது. மாத்தளை மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் சுடுவது அப்படியான ஒரு பழைய தொழில். வயலின் ஆபத்துகளை நாம் சிறுவயதிலேயே அறிந்துகொண்டோம். சூளையின் ஆபத்துகளில் பாதி கண்ணுக்குத் தெரியாதவை. ஆகவே, பலர் சேர்ந்து ஒரு சூளையைப் பயன்படுத்தும்போது, தீ மூட்டுமுன் எல்லோரும் கூடி ஒழுங்குகளைத் தீர்மானிக்க வேண்டும்.

சூளைக்குள் நடப்பது என்ன?

சுமார் 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுண்ணாம்புக்கல்லிலிருந்து காபனீரொட்சைட்டு வாயு வெளியேறுகிறது. தூய கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். மீதி 44 கிலோவும் வாயுவாகப் போய்விடும். இவ்வாயு காற்றைவிடப் பாரமானது. குழியிலும் பள்ளத்திலும் தேங்கி நிற்கும். விறகு சரியாக எரியாவிட்டால் காபனோரொட்சைட்டும் உண்டாகும். இந்த நச்சு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

1. சூளை வாயைச் சுற்றி வேலி அடைப்போம். பிள்ளைகளை அருகே விடக்கூடாது. குளிருக்கு இதமாக இருக்கிறதென்று இரவில் சூளையருகே யாரும் படுக்கக்கூடாது. தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் உடனே வெளிக்காற்றுக்குச் செல்ல வேண்டும்.

2. குழிக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால் பின்னால் இறங்காதீர்கள்; இறங்கியவரும் விழுவார். குழியில் இறங்கும் எவரும் இடுப்பில் கயிறு கட்டியே இறங்க வேண்டும். மறுமுனையை மேலே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். உதவிக்கு 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

3. சுண்ணாம்பை நீற்றும்போது முதலில் தண்ணீரை ஊற்றி, பிறகு சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். குவியலின்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். மூடிய பீப்பாவில் ஒருபோதும் நீற்றாதீர்கள்.

4. கண்ணாடி, கையுறை, நீளக்கை சட்டை, சப்பாத்து அணியுங்கள். கண்ணில் பட்டால் அந்தக் கணமே சுத்தமான தண்ணீரால் குறைந்தது 20 நிமிடம் கழுவி, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். தேசிக்காய்ச்சாறு, பால், எண்ணெய் எதுவும் விடவேண்டாம். தோலில் பட்ட தூளை முதலில் தட்டிவிட்டு, பின் நிறையத் தண்ணீரால் கழுவுங்கள்.

5. சுட்ட சுண்ணாம்பை ஒழுகாத கூரையின்கீழ், பலகையின்மேல் வையுங்கள். மழைத்தண்ணீர் பட்டால் எழும் சூட்டில் பக்கத்திலுள்ள சாக்கும் வைக்கோலும் தீப்பற்றக்கூடும்.

6. வேலை முறை மாறும்போது, தீ மூட்டிய நேரத்தையும் நீறாத குவியல் இருக்கும் இடத்தையும் பலகையில் எழுதி, வருபவருக்கு வாயாலும் சொல்லுங்கள்.

அன்றாடக் கூலியை நம்பி வாழும்போது அவசரம் இயல்புதான். ஆனால் ஒருவருடைய பார்வை போனால், ஒரு குடும்பத்தின் உழைப்பே போய்விடும். புது வீடு கட்டுகிறவன், யாரும் விழுந்துவிடாதபடி மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும் என்று இணைச்சட்டம் 22:8 கற்பிக்கிறது. நமது சூளையைச் சுற்றி நாம் அடைக்கும் வேலியும் அயலவர்மேல் நாம் காட்டும் அன்புதான்.

கலந்துரையாடுவோம்

– நம் சூளையருகே கண் கழுவத் தண்ணீர் எப்போதும் நிறைந்திருக்கிறதா? அதை நிரப்புவது யார் பொறுப்பு?

– பாதுகாப்பில்லை என்று கண்டால் வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை, நேற்று வந்து சேர்ந்தவருக்கும் உண்டா?