பகீரும் மிஸ்கீனும்: ஒரு பஞ்சம் தந்த பாடம்

ஜகாத் பெற உரிமையுள்ள எட்டு வகையினரில் முதலில் நிற்பவர்கள் பகீரும் மிஸ்கீனும். இவ்விருவரில் அதிகம் நலிந்தவர் யார் என்பதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஒன்றுமே இல்லாதவர் மிஸ்கீன், நிஸாபுக்குக் குறைவாக ஏதோ கொஞ்சம் உள்ளவர் பகீர் என்பது ஹனபி மத்ஹபு. ஷாபிஈ மத்ஹபிலோ பகீர்தான் அதிகம் நலிந்தவர். கஹ்பு சூராவில் கடலில் தொழில் செய்த மரக்கலத்துக்காரர்களை அல்லாஹுத்தஆலா மிஸ்கீன்கள் என்று குறிப்பிடுவதை அவர்கள் ஆதாரமாகக் காட்டுவார்கள். மரக்கலம் இருந்தும் மிஸ்கீன்! மதரஸாவில் இதை ஓதிய நாளில், இருவருக்கும் ஜகாத் உண்டு என்றான பிறகு இந்த வாதம் எதற்கு என்று நாம் நினைத்ததுண்டு. பங்களாதேஷ் பஞ்சத்தைப் பற்றிப் படித்த பிறகே அந்த மரக்கலத்தின் பொருள் நமக்கு விளங்கிற்று.

1974-ல் மழைக்காலத்தில் பிரம்மபுத்திரா நதி பெருக்கெடுத்தது. ரங்பூர், மைமன்சிங், சில்ஹெட் மாவட்டங்கள் கடும் பஞ்சத்துக்கு ஆளாயின. வெள்ளம் பயிரை அழித்தது, அரிசி இல்லை, மக்கள் மாண்டனர் என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981-ல் வெளியிட்ட நூலில் கணக்குப் பார்த்துக் காட்டியது வேறு. ஆளுக்கு இவ்வளவு என்று பங்கிட்டுப் பார்த்தால், முன்பின் ஆண்டுகளை விட அந்த ஆண்டில்தான் அந்நாட்டில் தானியம் கூடுதலாக இருந்தது! வெள்ளத்தால் கெட்ட பயிரின் அறுவடையே ஆண்டு இறுதியில்தான் வரவேண்டும். பஞ்சமோ அதற்கு முன்பே உச்சத்தை எட்டிவிட்டது.

நடந்தது இதுதான். வயல்கள் மூழ்கியதால் கூலி வேலை நின்றது. இனி அரிசி கிடைக்காது என்ற அச்சத்திலும், இன்னும் விலை ஏறும் என்ற ஆசையிலும் இருப்பு உள்ளவர்கள் அதை முடக்க, விலை விர்ரென்று ஏறியது. கூலியாளிடம் உழைக்கும் கைகள் இருந்தன. அவற்றை வாங்குவார் இல்லை. சிறு விவசாயி இருந்த துண்டு நிலத்தையும் விற்றுச் சாப்பிட்டார். பஞ்சம் நீங்கிய பின் அவரும் கூலியாளானார். அரசு ஏறத்தாழ 6,000 கஞ்சித் தொட்டிகளைத் திறந்தது. 40 லட்சத்துக்கும் அதிகமானோர் அங்கே வரிசையில் நின்றனர். மாண்டவர்கள் சுமார் 26,000 என்றது அரசுக் கணக்கு. உண்மை அதைவிடப் பன்மடங்கு என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

மக்களுக்கு இடர் தரும்படி உணவுப் பொருளைப் பதுக்குவது இஹ்திகார். ஹனபிகளிடம் அது மக்ரூஹ் தஹ்ரீமி, ஷாபிஈகளிடம் ஹராம். தன் சொந்த நிலத்தில் விளைந்ததை வைத்திருப்பவர் பதுக்கல்காரர் ஆகமாட்டார் என்று ஹனபி நூல்கள் கூறுவது உண்மையே. இதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியடையும் மிராசுதார்கள் உண்டு. பதுக்கியவரின் குடும்பத் தேவைக்குப் போக மிஞ்சியதை விற்கும்படி காழி உத்தரவிடலாம் என்றும் அதே நூல்கள் கூறுகின்றனவே, அதையும் அவர்கள் வாசிக்க வேண்டும்.

ஹிஜ்ரி 18-ல் மதீனாவைப் பஞ்சம் வாட்டியபோது ஹளரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் கவர்னர்களுக்குக் கடிதம் எழுதித் தானியம் வரவழைத்தார்கள். மக்களுக்குக் கிடைக்காத நெய்யைத் தாமும் தொடவில்லை. பசியால் திருடியவனின் கையை வெட்டும் தண்டனையையும் நிறுத்தி வைத்தார்கள்.

இனி நம் ஜகாத்துக்கு வருவோம். ரமளானில் வாசலில் வரிசை நிறுத்திச் சில்லறை கொடுத்தனுப்புகிறோமே, அந்தக் காசில் வயல் இழந்தவர் எதை மீட்பார்? தொழில் தெரிந்தவருக்கு அவருடைய கருவிகளின் விலையையும், வியாபாரிக்கு அவர் தொழிலுக்கேற்ற முதலையும் கொடுக்கலாம் என்று ஷாபிஈ இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கு நிஸாபு அளவு முழுவதையும் கொடுப்பது ஹனபிகளிடம் மக்ரூஹ். ஆனாலும் ஜகாத் நிறைவேறிவிடும். வாங்குபவர் கடனாளியாக இருந்து, கடனை அடைத்த பின் அவர் கையில் நிஸாபு மிஞ்சாது என்றால் அந்த மக்ரூஹும் இல்லை.