பாம்புச் செடி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அதிகப் பராமரிப்பு கேட்காததால் கொல்கத்தாவின் அடுக்குமாடி வீடுகளுக்கு ஏற்றதாக விளங்கும் பாம்புச் செடியை வங்காளத்து மண்ணுக்கே உரியதாக எண்ணிவிட இடமுண்டு. அதற்கு அறிவியல் பெயரிட்ட டேவிட் பிரெயின், கங்கைக் கரையிலுள்ள சிப்பூர் தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்தபோது, 1903இல் வெளிவந்த 'பெங்கால் பிளான்ட்ஸ்' நூலில்தான் அதைச் செய்தார். ஆனால் செடியின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. இந்திய மண்ணுக்கு உரியது அதன் நெருங்கிய உறவான, தமிழில் மருள் எனப்படும் செடியாகும்; நார் எடுத்து வில்லுக்கு நாண் திரிக்கப் பயன்பட்ட அச்செடி, 1793 முதல் 1813 வரை அதே தோட்டத்தை நிர்வகித்த வில்லியம் ராக்ஸ்பரோவின் பெயரைத் தாங்கியுள்ளது.

பாம்புச் செடி இரவு முழுவதும் ஆக்சிஜன் தரும், ஆகவே படுக்கையறைக்கு ஏற்றது என்பது மிகப் பரவலான நம்பிக்கை. பெரும்பாலான தாவரங்கள் பகலில் திறக்கும் இலைத்துளைகளை, அதாவது காற்று வந்துபோகும் நுண்ணிய வாயில்களை, வறண்ட நிலத்தில் பிழைக்கப் பழகிய இச்செடி இரவில் திறந்து, கரியமில வாயுவை உள்வாங்கி மாலிக் அமிலமாகச் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு அதிலிருந்து உணவு தயாரிக்கிறது. ஆக்சிஜன் உண்டாவதற்கு ஒளி வேண்டும் என்பதால், இருளில் இதுவும் பிற செடிகளைப் போல ஆக்சிஜனைச் சிறிதளவு செலவிடவே செய்கிறது. அதனால் உறங்குவோருக்குத் தீங்கில்லை, நன்மையும் இல்லை.

காற்றைச் சுத்திகரிக்கும் என்ற நம்பிக்கை 1989இல் நாசா வெளியிட்ட ஆய்விலிருந்து பிறந்தது. அது பென்சீன், பார்மால்டிஹைடு போன்ற வாயுக்களை மூடிய சிறு பெட்டிகளுக்குள் அடைத்துச் செய்த சோதனை. சன்னல் திறக்கும் வீட்டில் காற்றோட்டத்துக்கு ஈடான பலன் கிடைக்க ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் தேவைப்படும் என்று 2019இல் வெளியான மறுஆய்வு கணித்தது. கொல்கத்தாவின் குளிர்காலத்தில் மூச்சை அடைக்கும் புகைத்தூசி அச்சோதனையில் இடம்பெறவே இல்லை. அதற்குச் செடியை நம்பி முகக்கவசத்தைத் துறப்பது ஆபத்தானது.

இருட்டறையிலும் செழிக்கும் என்பதும் சரியன்று. குறைந்த ஒளியில் அது பிழைத்திருக்கும், அதிகம் வளராது. கிழக்குச் சன்னலருகே வைத்தால் புது இலைகள் விடும். பாம்பை விரட்டும் என்பதற்கு ஆதாரமில்லை. பெயர் இலையின் வரிகளால் வந்தது. இலையைக் கடிக்கும் பூனைக்கும் நாய்க்கும், அதிலுள்ள சப்போனின் என்னும் நுரைக்கும் வேதிப்பொருளால் வாந்தி வரக்கூடும்.

உண்மையில் இச்செடியைக் கொல்வது அன்றாடம் நீர் ஊற்றும் பரிவுதான். பகலில் துளைகளை மூடி, தடித்த இலைகளில் நீரைச் சேமிக்கும் செடிக்கு அடிக்கடி நீர் தேவையில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றே ஈரமாக இருக்கும் கொல்கத்தாவில் தொட்டி மண் மெதுவாகவே உலர்வதால், வேர்கள் காற்றின்றி அழுகுகின்றன. மணல் கலந்த மண்ணும், அடியில் துளையுள்ள தொட்டியும், விரலை ஆழமாக நுழைத்து மண் முழுதும் உலர்ந்ததை உறுதிசெய்த பின்னரே நீர் விடுவதும் போதுமானவை. இலையின் அடி மஞ்சளாகி மெத்தென்று ஆனால் அது தாகமன்று, அழுகலின் அடையாளம். அப்போது நீரை நிறுத்தி, அழுகிய வேரை நீக்கி, புது மண்ணில் நட வேண்டும்.