பள்ளிக்கூடத்துக்குக் காசு கேட்கப் புறப்படுகிறவர்களுக்கு

அரக்கோணம் பக்கத்துக் கிராமங்களில் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் தாய்மார்களுக்கும், 'நம்ம ஸ்கூலுக்கு ஏதாவது பண்ணணும்' என்று கிளம்பியிருக்கும் முன்னாள் மாணவத் தம்பிகளுக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சொல்லிக்கொள்வது:

1. கட்டடம் யாருடையது என்று முதலில் கேளுங்கள். ஒரே காம்பவுண்டுக்குள் தொடக்கப் பள்ளியும் பால்வாடியும் (அங்கன்வாடி) இருக்கும். ஆசிரியர் கல்வித் துறை ஆள். ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் கட்டடம் ஒன்றியத்தின் பொறுப்பு, பி.டி.ஓ.வைப் பார்க்க வேண்டும். பால்வாடி சமூக நலத் துறைக்குக் கீழே, குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரை (சி.டி.பி.ஓ.) பார்க்க வேண்டும். நகராட்சிப் பள்ளிக்கு நகராட்சி. ஒழுகுகிற கூரைக்கு வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் உண்டு. அவர் நல்லவர்தான், கூரை போட அவரிடம் காசு கிடையாது.

2. தீர்மானம் இல்லாமல் யார் வாசலுக்கும் போகாதீர்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதும் பொறுப்பையும் அந்தக் குழுவுக்கே கொடுத்திருக்கிறது. ஆனால் கூட்டம் வேலைநாள் மதியத்தில் வரும். மெட்ராஸுக்கு ரயிலேறிப் போன அப்பாவாலும், டயர் கம்பெனியில் ஷிப்டு பார்க்கும் அப்பாவாலும் வர முடியாது. வந்த அம்மாக்களிடம் நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்குவது சில இடங்களில் பழகிவிட்டது. என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகு போடுங்கள். தலைவி நீங்கள் என்றால் நாற்காலியில் நீங்களே உட்காருங்கள். வீட்டுக்காரர் வெளியே டீ குடிக்கட்டும்.

3. வெளியே கையேந்தும் முன் உள்ளே வந்த காசைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துப் பள்ளி மானியம் உண்டு: 31 முதல் 100 பிள்ளைகள் என்றால் 25,000 ரூபாய், 101 முதல் 250 என்றால் 50,000 என்கிற கணக்கு. அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கு. எச்.எம்.மிடம் மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கொடையாளி கேட்கிற முதல் கேள்வி, 'கவர்ன்மென்ட் குடுத்தது என்ன ஆச்சு?' என்பதுதான். அதே சமயம் அதை மட்டும் நம்பியும் உட்காராதீர்கள். 2024-25-இல் ஒன்றிய அரசு, பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று, இந்தத் திட்டத்துக்குத் தர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தது. யார் பக்கம் நியாயம் என்று டீக்கடையில் பேசலாம். அடைத்துக்கொண்ட கழிப்பறைக்கு அது பதில் ஆகாது.

4. காம்பவுண்டுச் சுவர், வகுப்பறை போன்ற பெரிய வேலைக்கு 'நமக்கு நாமே' திட்டத்தைப் பாருங்கள். ஊரார் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்பு என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். இந்தச் சலுகை தெரியாமலே பல ஊர்கள் சும்மா இருக்கின்றன.

5. கம்பெனிகளிடம் தைரியமாகப் போங்கள், பிச்சை இல்லை. 2013 கம்பெனிச் சட்டம் 135-ஆம் பிரிவின்படி, லாபம் பார்க்கிற பெரிய நிறுவனங்கள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும்; தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இச்சிபுத்தூரிலும் ராணிப்பேட்டை சிப்காட்டிலும் புகை விடுகிறவர்களுக்கு நம் ஊர்தான் பக்கத்து ஊர். அவர்கள் திட்டம் போடுவது ஏப்ரல் கணக்குக்கு. ஜனவரியிலேயே போய் நில்லுங்கள். ஒரே தாளில் எழுதுங்கள்: எத்தனை பிள்ளைகள், என்ன குறை, இன்ஜினீயர் போட்ட மதிப்பீடு எவ்வளவு. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற அரசுத் திட்டத்தின் வழியாகக் கொடுக்கச் சொன்னால் பணம் போன வழிக்குப் பதிவு இருக்கும். அவர்கள் ஸ்மார்ட் போர்டு தருகிறேன் என்பார்கள். போட்டோவில் நன்றாகத் தெரிகிற பொருள் அது. வாங்கும் முன், பழுதானால் யார் பார்ப்பது என்று எழுத்தில் கேளுங்கள்.

6. பால்வாடியை மறக்காதீர்கள். இதைத்தான் நான் அதிகம் சொல்வேன். ஐந்தாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைக்குப் பின்னால் பெரும்பாலும் வெறுமையாய்ப் போன மூன்று, நான்கு வயது இருக்கும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 1962-இல் பெர்ரி பாலர் பள்ளி என்று ஒன்று தொடங்கினார்கள். ஏழைக் குழந்தைகள் 123 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் நல்ல பாலர் கல்வி கொடுத்து, நாற்பது வயதுவரை கவனித்தார்கள். அந்தப் பிரிவினர் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். போலீஸ், கோர்ட்டு என்று அலைந்ததும் குறைவு. அங்கே செலவானது ஆசிரியைகளுக்கு. வாரந்தோறும் அவர்கள் வீட்டுக்கே போய்த் தாயோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். நம் அங்கன்வாடியில் 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற நல்ல பாடத்திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதை நடத்த வேண்டிய டீச்சரே பதிவேடும் எழுதி, எடையும் போட்டு, ஆய்வுக்கும் பதில் சொல்கிறார். ஆகவே சுவரில் கார்ட்டூன் வரைய நிதி திரட்டுவதற்கு முன், அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். பாய், மரக்கட்டைகள், படப் புத்தகங்கள், சின்னப் பிள்ளை உட்காரும் உயரத்தில் கழிப்பறை என்பார். ஆந்திர எல்லை ஓரத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் குழந்தைகளும் வருவார்கள். படம் அதிகமும் எழுத்துக் குறைவுமான புத்தகமாகப் பாருங்கள்.

7. ஊர்ப்பணத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். காமராசர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, 1958-இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. முதல் மாநாடு நடந்தது நம் ரயில் தடத்திலேயே இருக்கும் கடம்பத்தூரில். ஊரார் பெஞ்சு, பலகை, நிலம் என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். இன்று பல ஊர்களில் மேளதாளத்தோடு தட்டு ஏந்திப் போகும் 'கல்விச் சீர்' அந்த வழியில் வந்ததுதான். நடத்துங்கள், ஆனால் எச்.எம். கொடுத்த பட்டியலைப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் சுவர்க் கடிகாரமாக வந்து குவியும்.

8. ஆடிக் கிருத்திகையை ஒட்டி வசூலுக்குப் போகாதீர்கள். திருத்தணிக்குக் காவடி எடுத்த வீட்டில் அந்த மாதம் கையிருப்பு இருக்காது.

9. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட நம் ஊர்ப் பையன் அனுப்பும் பணம் சட்டப்படி வெளிநாட்டுப் பணம். அதற்குரிய பதிவில்லாத சங்கம் அதைத் தொடக்கூடாது. ஆடிட்டரைக் கேட்டபிறகு 'சரி' சொல்லுங்கள்.

10. வந்த பணத்தையும் செலவையும் பள்ளி வாசலில் எழுதிப் போடுங்கள். பில் இல்லாத செலவை மேஸ்திரி எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பயன்பாட்டுச் சான்று நேரத்துக்குப் போனால், பணம் கொடுத்தவர்களே அடுத்த வருஷம் கேட்காமலே கூப்பிடுவார்கள்.

11. கட்டிக் கொடுப்பவர் கிடைப்பார். கழுவக் காசு கொடுப்பவர் கிடைக்கமாட்டார். கழிப்பறைக்கு நிதி கேட்கும்போதே சுத்தம் செய்பவரின் சம்பளத்தையும் தண்ணீர் மோட்டாரின் கரண்ட் பில்லையும் மதிப்பீட்டில் சேருங்கள். மறுத்தால் சின்னக் கழிப்பறையாகக் கட்டுங்கள், சம்பளத்தை விடாதீர்கள்.

12. கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். எது முதலில் வருகிறதோ அதற்குக் குழுத் தீர்மானத்தின் இரண்டு நகலோடு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.