செக்ரோல் பெயர்களும் ஆர் மென்பொருளும்

வலப்பனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மழையையும் கொழுந்து நிறுவையையும் ஒப்பிடும் சிறு ஆய்வு செய்தேன். பெயர்கள் செக்ரோலில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரவுப் பதிவேட்டில், இருந்தபடியே தமிழில் இருந்தன. எக்செலில் ஒழுங்காக இருந்த பட்டியலை ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் திறந்ததும், 'வலப்பனை' கூரடைப்புக்குள் அடைபட்ட குறியெண்களாக ஏழு துண்டாகிவிட்டது. நமக்கு அது ஐந்தெழுத்து. யூனிகோடில் புள்ளியும் ஐகாரக் குறியும் தனித்தனி, ஆகவே ஏழு.

"அண்ணே, பேசாம எல்லாப் பெயரையும் இங்கிலீசுல அடிச்சிருவோமா?" என்றான் உதவிக்கு வந்த தம்பி. எனக்கு மனம் ஒப்பவில்லை. ல, ள, ழ எல்லாம் ஒன்றாகிவிடும். ஒரு மாதம் ஒருவிதமாகவும் மறுமாதம் வேறுவிதமாகவும் அடித்தால், கணக்கில் ஒருவர் இருவராகிவிடுவார். பெயர் எழுத்து மாறியதால் ஈபிஎஃப் பணத்துக்கு அலைந்தவர்கள் எங்கள் லயத்திலேயே உண்டு. அதே வேலையை நானும் செய்யக் கூடாது.

வலப்பனை துண்டானதற்குக் காரணம் ஆரின் பழைய பதிப்பு. அது நம்பியிருந்த விண்டோஸின் பழைய எழுத்துக்குறி அட்டவணைகளில் தமிழுக்கு இடமே இல்லை, சிங்களத்துக்கும் இல்லை. அதனால் லொகேலை, அதாவது மொழி-பிராந்திய அமைப்பை, தமிழுக்கு மாற்றச் சொன்னபோதெல்லாம் 'முடியாது' என்றே பதில் வந்தது. 2022 ஏப்ரலில் வெளிவந்த ஆர் 4.2 முதல், புதிய விண்டோஸ் 10, 11 கணினிகளில் யுடிஎஃப்-8 இயல்பாகவே இருக்கிறது. பதிப்பை மாற்றியதும் வலப்பனை வலப்பனையாகவே வந்தது. எக்செலிலும் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்றே சேமியுங்கள். கோப்பின் தலையில் எக்செல் ஒட்டிவிடும் கண்ணுக்குத் தெரியாத குறியால் முதல் நிரலின் பெயர் குழம்பினால், படிக்கும்போது குறியேற்றத்தை 'யுடிஎஃப்-8-பொம்' என்று கொடுங்கள்.

என்னை அதிகம் அலைக்கழித்தது இரண்டாவது கோப்பு. பழைய பெயர்ப் பட்டியல் பாமினியில் அடித்தது. பாமினி வெறும் எழுத்துரு. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. அதில் புள்ளி என்பது அரைப்புள்ளி, 'இ' என்பது காற்புள்ளி. என் லெப்டொப்போ பிரான்ஸிலிருந்து மச்சான் அனுப்பியது. அங்கத்தைய விண்டோஸ் அமைப்பில் நிரல்களைப் பிரிப்பது அரைப்புள்ளி. சிஎஸ்வியை எக்செலில் திறந்தேன். பெயரில் புள்ளி வைத்த இடமெல்லாம் புதிய நிரல் முளைத்தது! பதின்மப் புள்ளிக்கும் அங்கே காற்புள்ளி என்பதால், அந்த அமைப்பில் சேமித்த 18.5 கிலோ ஆருக்குள் எண்ணாக இல்லாமல் சொல்லாகப் போய்ச் சேர்ந்தது. பாமினிக் கோப்பை எந்த லொகேலும் சரிசெய்யாது. முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், பிறகு விண்டோஸின் பிராந்திய அமைப்பைத் திருத்துங்கள், அதற்குப் பிறகே எக்செலைத் தொடுங்கள்.

பிழைச் செய்திகள் பிரெஞ்சில் வந்தது வேறு விஷயம். ஆரின் சூழல் கோப்பில் 'லாங்குவேஜ்' என்பதற்கு ஆங்கிலம் என்று ஒரு வரி எழுதி, மென்பொருளை மூடித் திறந்தால் போதும். அது செய்திகளின் மொழியை மட்டுமே மாற்றும். தரவின் எழுத்துகளைத் தொடாது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து நான் ஒரு மாலை முழுவதையும் தொலைத்தேன்.

பிறகு அகரவரிசை. 'சி' லொகேலில் ஆர் குறியெண்படியே அடுக்குவதால் கனகம்மா முன்னே, கமலம் பின்னே வந்தார்கள். யூனிகோடில் னகரம் நகரத்தை அடுத்து இருக்கிறது. நம் நெடுங்கணக்கிலோ அதுதான் கடைசி மெய். 'ஸ்ட்ரிங்கி' பொதியின் வரிசைக் கட்டளையில் தமிழ் லொகேலைக் குறிப்பிட்டேன். கமலம் முன்னே வந்தார்.